நான்காவது பிளக்

மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி சாலை பிரிகிற இடத்துக்குப் பக்கத்தில் ரெஜினாவின் கார் பட்டறை. ரெஜினாவுக்கு முப்பத்து நான்கு வயது. அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த நாகமாணிக்கத்துக்கு ஐம்பத்தாறு. ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் எழுத்தராக இருந்துவிட்டு, ஒருநாள் வந்து, "எனக்கு எஞ்சின் வேலை கத்துக்கணுங்க" என்று நின்றார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு பழைய சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவருக்கு அவள் மேஸ்திரி. அவளுக்கு அவர் அண்ணா.

ஏழாவது மாதத்தில் இது நடந்தது.

போஜன் தன் காரைக் கொண்டு வந்திருந்தார். கோத்தகிரிக்காரர். டயாலிசிஸ் செய்துகொள்கிற மூன்று பேரை ஒருநாள் விட்டு ஒருநாள் மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறக்கி, திரும்ப ஏற்றிக்கொண்டு போகிறவர். ஸ்பார்க் பிளக் நான்கையும் மாற்ற வேண்டியிருந்தது. ரெஜினா வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தாள்.

"அண்ணா, நீங்களே போட்டுருங்க" என்றாள்.

மூன்று போட்டாயிற்று. நான்காவதை இறுக்கும்போது, விறைத்து நின்ற ஸ்பேனர் திடீரென்று இளகியது. திருப்பினார், சுற்றியது. இன்னும் திருப்பினார், சுற்றிக்கொண்டே இருந்தது. பிளக்கை உருவிப் பார்த்தார். அதன் பல்லிடுக்கெல்லாம் அலுமினியத் தூள். எஞ்சின் ஓட்டைக்குள் பிளக் திருகி நிற்கிற மரைதான் தூளாக வந்திருந்தது.



வண்டிக்கு அடியில் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. வாசலில் போஜன் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அலமாரியில் இரும்பு ஒட்டும் பசை இருந்தது. பிளக்கில் தடவி, ஓட்டையில் வைத்துப் பிடித்துக்கொண்டார். பத்து நிமிடத்தில் அசையாமல் நின்றுவிட்டது. எஞ்சினைப் போட்டுப் பார்த்தார். சத்தம் சுத்தமாக இருந்தது.

போஜன் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

டீ வந்தது.  ரெஜினா கை துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் நாகமாணிக்கம் கேட்டார்.

"மேஸ்திரி, மரை போன இடத்துல பசை தாங்குங்களா?"

"எந்த வண்டி?"

"இல்லைங்க, பொதுவாத்தான் கேக்கறேன்."

"பொதுவா ஒரு வண்டி மலை ஏறாதுங்ணா. எந்த வண்டி?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "போஜனோடது."

ரெஜினா போனை எடுத்தாள். முதல் தடவை அடித்து ஓய்ந்தது. இரண்டாவது தடவையும். மூன்றாவது தடவை போஜன் எடுத்தார். பெட்ரோல் போட நின்றிருந்தாராம்.

"போஜண்ணா, மலை ஏத்தாதீங்க. மெதுவாத் திருப்பிக்கிட்டு வாங்க."

கால் மணி நேரத்தில் வண்டி வந்தது. போஜன் இறங்கும்போதே எரிச்சலாக இருந்தார். "என்னம்மா ஆச்சு?"

ரெஜினா நாகமாணிக்கத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான். வேறு பக்கம் போய்க் கருவிப் பெட்டியைத் திறந்தாள்.

நாகமாணிக்கம் சொன்னார். மரை போனதைச் சொன்னார். பசை வைத்ததையும் சொன்னார். சொல்லி முடிக்கிறவரை போஜன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாதி மலையில பிளக் பிச்சுக்கிட்டு வந்திருந்தா?" என்றார். "நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு மூணு பேரு வாசல்ல உக்காந்திருப்பாங்க. ஒருநாள் தள்ளிப் போனா அதுல ஒரு அம்மாவுக்குக் காலெல்லாம் வீங்கிடும். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியலைங்க" என்றார் நாகமாணிக்கம். "இப்பத்தான் தெரியுது."

போஜன் போய் பெஞ்சில் உட்கார்ந்தார்.

ரெஜினா ஒட்டியிருந்த பிளக்கைப் பிடுங்கி எடுத்துவிட்டு, மரை வெட்டுகிற கருவியையும் எஃகுச் சுருள் ஒன்றையும் கொண்டுவந்தாள். ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கிப் புது மரை வெட்ட வேண்டும். அதற்குள் சுருளைத் திருகி இறக்கினால், அதன் உள்பக்கம் பிளக்குக்குப் புது மரை. கருவியை நாகமாணிக்கத்திடம் நீட்டினாள்.

"நானா?"

"நீங்கதான்."

"இதுவும் தப்பாப் போனா?"

"இன்னும் பெருசா வெட்டணும். அப்புறம் வெட்ட அங்க ஒண்ணும் இருக்காது."

அவர் கருவியின் பள்ளங்களில் கிரீஸ் அப்பினார், தூள் உள்ளே விழாமல் ஒட்டிக்கொள்ள. நேராக வைத்தார்.  

"அரைச் சுத்து முன்னால. கால் சுத்துப் பின்னால. அவசரமில்ல."

அரைச் சுற்று முன்னால். கால் சுற்று பின்னால். வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி கிரீஸ் அப்பி, மறுபடி. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. கடைசியில் காற்றடித்துச் சுத்தம் செய்து, சுருளைத் திருகி இறக்கினார். அது ஒரு முனகல்கூட இல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது. பிளக்கை விரலாலேயே திருகினார். கடைசிவரை வழுக்கிக்கொண்டு போயிற்று. ஸ்பேனரை வைத்துக் கொஞ்சமாக இறுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

போஜன் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. "கிளம்பலாமா?"

"இருங்க" என்றாள் ரெஜினா. "அண்ணா, மத்த மூணையும் போட்டது யாரு?"

நாகமாணிக்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. "நான்தாங்க."

"கழட்டிப் பார்த்துட்டுத் திரும்பப் போடுங்க."

அவர் முதல் பிளக்கைக் கழற்றினார். மரை நன்றாக இருந்தது. விரலால் திருகி உட்காரவைத்தார். ஸ்பேனரை வைத்தவர் நின்றுவிட்டார்.

"மேஸ்திரி, இவ்வளவு போதும்னு எப்படிங்க தெரியும்?"

"காலையில நாலாவதைப் போடும்போது கை ஒண்ணும் சொல்லலையா?"

அவர் யோசித்தார். 

"சொல்லுச்சுங்க" என்றார் மெதுவாக. "போதும்னு சொல்லுச்சு. கை நின்னுருச்சு."

"அப்புறம் இறுக்கினது யாரு?" என்றாள் ரெஜினா.

நாகமாணிக்கம் ஸ்பேனரைத் திருப்பினார்; கை போதும் என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, அடுத்த பிளக்குக்கு நகர்ந்தார்.