கிணற்றுக்குள் ஒரு வாக்கியம்

"அம்மா, இங்கே இருக்கும் மூன்று பேருக்கும் ஒரு வாக்கியத்தை ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை," என்றார் புலவர் வெள்ளைச்சாமி.

உலகம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மலையடிவாரத்துச் சின்ன ஆசிரமம் அது. குரு உலகம்மாளுக்கு வயது நாற்பத்திரண்டு. சீடர் புலவருக்கு அறுபத்தொன்று, பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் சிவப்பு மை வற்றாத மனிதர்.

"எப்படிப் பேசுறாங்க?"

"சமையல் இசக்கி, 'வெந்துட்டு சோறு' என்கிறார். மாடு பார்க்கும் பொன்னாத்தா, 'வந்துட்டானுங்க பால்காரன்' என்கிறார். டிரைவர் தாஸ் வாயைத் திறந்தாலே எனக்குத் தலைவலி. எழுவாய் முதலில் வர வேண்டும், பயனிலை கடைசியில் வர வேண்டும். இது கூடவா தெரியாது?"

"திருத்தினீங்களா?"

"வந்த நாளிலிருந்து. ஒருவரையும் விடவில்லை."

"இப்ப எப்படிப் பேசுறாங்க?"

புலவர் ஒரு கீரைத்தண்டை எடுத்துக் கிள்ளினார்.

"பேசுவதில்லை அம்மா. பதினொரு நாளாக என்னோடு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை."

நேரத்துக்குச் சாப்பாடு வந்தது, வெந்நீர் வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. மனைவி போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை என்றுதான் மனிதர் இங்கே வந்ததே.

"ஊருக்கே திரும்பிவிடலாம் என்று இருக்கிறேன்."

"போகலாம். அதுக்கு முன்னாடி, வாளி கிணத்துல விழுந்து கிடக்கு. எடுத்துக் குடுத்துட்டுப் போங்க."

கிணற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். இறங்கப் படிக்கல்லும் உண்டு. இருந்தாலும் புலவரின் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை மூவரும் பிடித்துக்கொண்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை.

ஏழாவது கல்லில் பாசி. கால் நழுவியது. எட்டிப் பிடித்த கல்லும் கைக்குள் வழுக்கியது.

பழக்கதோஷம், புலவர் முறையாகத்தான் தொடங்கினார்.

"நீங்கள்... இந்தக் கயிற்றை..."

பயனிலை வருவதற்குள் கை விட்டுப்போயிற்று.

"இழுங்கப்பு! ஆத்தாடி, வழுக்குது கையி! போச்சு, எல்லாம் போச்சு!"

மேலே இசக்கி, பொன்னாத்தா, தாஸ் என்று மூன்று வாய்களும் ஒன்றாகத் திறந்தன.

"விட்ராதீய ஐயா கயித்த!"

"வந்துட்டமுங்க நாங்க, பயப்படாதீங்க!"

"இஸ்துக்கினே கீறோம் சாமி, மேல பாரு நீ!"

கயிறு விறைத்தது. மூன்று பேரும் ஒரே மூச்சில் இழுத்தார்கள். அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்த புலவருக்கு அவர்கள் சொன்னதில் ஒரு வார்த்தை புரியாமல் போகவில்லை.

மேலே ஏற்றிவிட்டுத் திட்டத் தொடங்கினார்கள். "வேணுமுங்களா இது, இந்த வயசுல?" என்றாள் பொன்னாத்தா. பதினொரு நாள் பாக்கியையும் தாஸ் ஒருவனே திட்டித் தீர்த்துவிடுவான் போலிருந்தது. புலவர் ஈரமண்ணில் உட்கார்ந்து, முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

உலகம்மாள் வந்தார்.

"வாளி எங்க?"

"மறந்துட்டேம்மா."

"போகட்டும். கிணத்துக்குள்ளேருந்து ஒரு சத்தம் கேட்டுச்சே, 'வழுக்குது கையி'ன்னு. யாரு அது? திருத்தணுமே அவரை."

தாஸ் வாயைப் பொத்திக்கொண்டான்.

"எங்க ஊருப் பேச்சும்மா அது," என்றார் புலவர். "மானாமதுரைப் பக்கம். நாப்பது வருசமாச்சு நான் அதைக் கேட்டு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். எதிரே இசக்கி, சொம்பைப் பிடித்தபடி, எதைச் சொல்வது எப்படிச் சொல்வது என்று தயங்கி நின்றான்.

புலவர் இரண்டு கையையும் நீட்டினார்.

"குடு அப்பு தண்ணிய."