லகான் என்ற சொல்லின் பூர்வீகம்

"என் மேல என்ன தப்பு, மதாம்? ஒரு சொல்லையாவது தப்பா மொழிபெயர்த்திருப்பேனா?"

சூசைநாதன் வாத்தியார் இப்படிக் கேட்டுக்கொண்டு வந்து நின்றபோது, ரொசாலி குதிரையின் குளம்பில் அப்பியிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஒண்ணுகூடத் தப்பில்லை, சார். அதுதான் என் உசிரை வாங்குது."

புதுச்சேரிக்கு வடக்கே, கடலோரச் சவுக்குத் தோப்பை ஒட்டி இருந்தது அந்தக் குதிரைச் சவாரிப் பள்ளி. ரொசாலி அதன் ஆசிரியை. நாற்பதுகூட ஆகவில்லை. வாத்தியாருக்கு அறுபது தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு கற்பித்து ஓய்வு பெற்றவர்.

சவாரி சம்பந்தப்பட்ட ஆங்கிலச் சொல் எதைச் சொன்னாலும் பொருள், பூர்வீகம், பிரெஞ்சு மொழிபெயர்ப்பு என்று மூன்றையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். குதிரை மேல் மட்டும் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

வந்த முதல் நாளே ரொசாலியைக் கும்பிட்டு, "சொல்லுக்கு நான், குதிரைக்கு நீங்க. இன்னியிலேருந்து நீங்க எனக்குக் குரு, மதாம்" என்றார். ரொசாலியும் ஏமாந்து தலையாட்டிவிட்டார்.

வேறு வழியும் இல்லை. பிரான்சிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் பெர்னாருக்குப் பிரெஞ்சைத் தவிர ஒரு வார்த்தை தெரியாது. பிள்ளைகளுக்குத் தெரிந்தது தமிழும், சவாரிக்கு வேண்டிய கொஞ்சம் இங்கிலீஷும். நடுவில் வாத்தியார்.

பிள்ளைகளில் ஒருவரைத் தன்னோடு பிரான்சுக்கு அழைத்துப் போய்ப் பழக்கப்போவதாக பெர்னார் சொல்லியிருந்தார். நாளைக் காலை முடிவு. பள்ளியே பார்கவியைத்தான் நம்பியிருந்தது. அவளும் அந்த ஒரே நினைப்பில்தான் இருந்தாள்.

அவள்தான் இன்று மத்தியானம் விழுந்தாள்.

நடந்தது இதுதான். சுக்கு என்கிற பெண்குதிரையை, தாண்ட வேண்டிய உயரமான கட்டையை நோக்கி ஓட்டி வந்தாள் பார்கவி. பெர்னார் கத்தினார்.

"ரான்தே லா மேன்!"

வாத்தியார் சாவகாசமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்படியே சொன்னா, கையைத் திருப்பிக் கொடுன்னு அர்த்தம். இங்கிலீஷ்காரன் ரெயினைக் கொடும்பான். ரெயின்னா லகான். அந்தச் சொல்லோட பூர்வீகம் லத்தீன்ல போய் முடியுது. பின்னால இழுத்துப் பிடின்னு பொருள். பாரும்மா, விடச் சொல்றதுக்கு இழுத்துப் பிடிக்கிற சொல்! இதுல என்ன வேடிக்கைன்னா..."

வேடிக்கை அதற்குள் நடந்து முடிந்துவிட்டது. பயத்தில் லகானை இறுக்கிப் பிடித்தவள் விடவே இல்லை. கழுத்தை நீட்ட முடியாத சுக்கு, கட்டைக்கு முன்னால் சடாரென்று நின்றது. பார்கவி மட்டும் தாண்டிப் போய் விழுந்தாள்.

தோளெல்லாம் சிராய்ப்போடு எழுந்து வந்தவள் கை கூப்பினாள். "சார், உங்க கால்ல வேணா விழறேன். நாளைக்கு நீங்க வராதீங்க." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அந்த வழக்கைத்தான் வாத்தியார் இப்போது குருவிடம் கொண்டு வந்திருந்தார்.

"என்னைப் பார்த்து வராதீங்கன்னுட்டா, மதாம். சொல்லுக்கு மரியாதை இல்லாத காலமாப் போச்சு. நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க."

ரொசாலி சுக்குவின் காலைக் கீழே விட்டார்.

"ஏறுங்க."

"எதுல?"

"இத்தனை நாளா என் தலையில ஏறினது போதும். குதிரையில ஏறுங்க."

வாத்தியாருக்கு முகம் வெளுத்தது. ஆனால் குரு என்று வாயால் சொல்லியாகிவிட்டது. சேணத்திலிருந்து தொங்கிய வளையத்தைப் பார்த்தார். பார்த்ததும் தெம்பு வந்துவிட்டது.

"இது ஸ்டிரப். பழைய இங்கிலீஷ்ல ஏறுகிற கயிறுன்னு பொருள். பிரெஞ்சுல எத்ரியே..."

"அதுல காலை வைங்க."

"எத்ரியேயோட பூர்வீகம் வேற, மதாம். அது ஒரு வாரைக் குறிக்கிற..."

"காலை வைங்க, சார்!"

வைத்தார். ரொசாலி பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ளி மேலே ஏற்றினார். லகானைக் கையில் கொடுத்தார். நீளமான கயிறு ஒன்றைச் சுக்குவின் தலைக்கட்டில் மாட்டி, அதைப் பிடித்துக்கொண்டு மணல் வட்டத்தின் நடுவில் போய் நின்றார். நாக்கைச் சொடுக்கினார்.

சுக்கு நடந்தது. மறுபடி சொடுக்கினார். ஓட ஆரம்பித்தது.

"இது என்ன, சார்?"

"ட்ராட். பிரெஞ்சுல த்ரோ... ஐயோ, தூக்கித் தூக்கிப் போடுதே!"

இன்னொரு சொடுக்கு. சுக்கு பாய்ச்சலுக்கு மாறியது.

"இது?"

"கேன்டர். கேன்டர்பரிக்கு யாத்திரை போனவங்க குதிரையை ஓட்டின வேகம்..." நாக்கைக் கடித்துக்கொண்டார். யாத்திரை அதோடு நின்றது. "மதாம்! எப்படி நிறுத்துறது?"

ரொசாலி சாவகாசமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நிறுத்து. நல்ல சொல் கேட்டீங்க. நில்லுங்கிற வேர்லேருந்து வந்தது."

"மதாம்!"

"நில்லுன்னா தானா நிக்கிறது. நிறுத்துன்னா இன்னொண்ணை நிக்க வைக்கிறது."

"விழப்போறேன்!"

"இதுல என்ன வேடிக்கைன்னா..."

வாத்தியார் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி லகானை இழுத்தார். விழுந்துவிடாமல் இருக்க இரண்டு காலாலும் குதிரையை நெருக்கினார். கை நில் என்றது, கால் ஓடு என்றது. பாவம், அந்த வாயில்லா ஜீவன் எதைத்தான் கேட்கும்? தலையை வெடுக்கென்று தூக்கி நின்றுவிட்டது.

"மாதாவே!"

இடுப்பு முதலில் மணலில் இறங்கியது. மீதி வாத்தியார் பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

"என்னைக் கொல்லப் பார்த்தீங்களா?" உட்கார்ந்தபடியே கத்தினார். "நான் அங்க உசிரைக் கையில பிடிச்சிட்டுக் கிடக்கிறேன், நீங்க பாடம் நடத்துறீங்க! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

சொல்லி முடித்தவர் அப்படியே வாயை மூடிக்கொண்டார்.

ரொசாலி கயிற்றைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து கை கொடுத்தார்.

"மறுபடி ஏறுங்க, சார்."

மறுபடி ஏறினார். இந்தத் தடவை வளையத்துக்குப் பூர்வீகம் சொல்லவில்லை. சுக்கு கிளம்பியதும் பழையபடி லகானை இழுத்துப் பிடித்தார். சுக்கு தலையை ஆட்டி முரண்டு பிடித்தது.

"விடுங்க," என்றார் ரொசாலி.

அவ்வளவுதான். வாத்தியாரின் விரல்கள் தளர்ந்தன. சுக்கு கழுத்தை நீட்டி, ஒரு பெருமூச்சு விட்டு, நிதானமாக நடந்தது.

சவுக்குக்குப் பின்னால் வெயில் இறங்கும்வரை சுற்றிச் சுற்றி வந்தார்கள். இறங்கும்போதும் வாத்தியார் எதுவும் பேசவில்லை. உடம்பு சரியில்லையோ என்று ரொசாலிக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது.

காலையில் வாத்தியார் நொண்டிக்கொண்டு வந்தார். பார்கவி அவரைப் பார்த்ததும் ரொசாலியிடம் ஓடினாள்.

"அக்கா, நான்தான் சொன்னேனே. இவர் இன்னைக்கு வேண்டாம்க்கா. எனக்கு இது ஒண்ணுதான்க்கா இருக்கு."

"நீ போய் ஓட்டு," என்றார் ரொசாலி.

வாத்தியார் யார் முகத்தையும் பார்க்காமல், பெர்னாருக்குப் பக்கத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பார்கவி சுக்குவைத் திருப்பினாள். நேற்றைய அதே உயரமான கட்டை. சுக்கு வேகமெடுத்து வந்தது. கட்டை நெருங்க நெருங்கப் பார்கவியின் பிடி இறுகியது. சுக்கு தலையை ஆட்டத் தொடங்கியது.

வேலியின் மேல் வாத்தியாரின் கையும் இறுகியது.

பெர்னார் மூச்சை இழுத்து வாயைத் திறந்தார்.

"விடும்மா!"

கத்தியது வாத்தியார்.

பார்கவியின் கை முன்னால் போனது. சுக்குவின் கழுத்து நீண்டது. இரண்டு பேரும் சேர்ந்தே கட்டையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினார்கள்.

திறந்த வாய் திறந்தபடியே பெர்னார் வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பார்கவியைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டி, நிறுத்தாமல் பிரெஞ்சில் ஏதேதோ பேசினார். பேசி முடித்ததும் எல்லாரும் வாத்தியார் முகத்தைப் பார்த்தார்கள். பார்கவி அழத் தயாராக இருந்தாள்.

"உன்னைத்தாம்மா கூட்டிட்டுப் போறார்," என்றார் வாத்தியார்.

"அவ்வளவுதானா, சார்? எவ்வளவோ பேசினாரே!"

"அவ்வளவுதான்மா."

பார்கவி சுக்குவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். ரொசாலி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாத்தியார் பக்கம் வந்தார்.

"சார், அப்போ அந்த மனுஷன் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கலை. அதுக்குள்ள உங்களுக்கு அந்தச் சொல் எங்கேருந்து வந்தது?"

வாத்தியார் இடுப்பைத் தடவிக்கொண்டார்.

"இங்கேருந்து, மதாம்."