திருமேனி கட்டிய தறிப்பாட்டு

கடலோரத்தில் ஒரு சின்ன ராஜ்ஜியம். அதன் உப்பளங்களைத் தாண்டி, புன்னைத் தோப்புக்குள் ஒரு மடம் இருந்தது. மடத்தை நடத்தியவர் செண்பகத்தம்மை. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த திருமேனிக்கு அவரைவிடப் பத்து வயது அதிகம். ஊர் ஊராகப் பாட்டுக் கட்டிப் பெயர் வாங்கியவர். பெயர் அலுத்துப்போய்த்தான் மடத்துக்கு வந்தார். பாட்டு மட்டும் அலுக்கவில்லை.

அந்த வருஷம் ஏரிகள் வறண்டு கிடந்தன. தூர்வார ஒதுக்கிய தானியம் எங்கே போயிற்று என்று குடிகள் சந்தையிலேயே சத்தமாகக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அந்தச் சமயத்தில் மந்திரி மடத்துக்கு வந்தார்.

"கப்பலில் வரும் துணி நம் தறிகளை முடக்கிவிட்டது," என்றார். "கைத்தறியைப் பற்றி ஒரு பாட்டு வேண்டும். நம் பாட்டன்மார் உடுத்திய துணி என்று வரட்டும். கேட்டால் கண் கலங்க வேண்டும்."

திருமேனிக்கு அங்கேயே கலங்கிவிட்டது. அவர் பிறந்தது தறிக்காரர் வீட்டில். தொட்டிலில் கிடந்தபோதே கேட்ட சத்தம் அது. அம்மையைத் திரும்பிப் பார்த்தார்.

"கட்டலாமா அம்மா?"

"துணி நல்ல துணிதானே?"

"அதில் என்ன சந்தேகம்!"

"அப்படியானால் கட்டுங்கள்."

ஒரே மூச்சில் கட்டி முடித்தார். தறியில் ஏற்றுமுன் தெரு நீளத்துக்கு விரித்த பாவு நூல், கஞ்சி போட்ட நூலின் வாசனை, தாத்தா கல்யாணத்துக்கு உடுத்திய கரை வேட்டி, அதே வேட்டி நைந்து பேரனுக்குத் தொட்டிலானது, எல்லாம் பாட்டில் வந்தன. நாடே பாடியது. கப்பல் துணி விலைபோகாமல் துறையில் கிடந்தது. நின்றுபோன தறிகள் ஓடின. ஏரியைப் பற்றிய பேச்சு எப்படி நின்றதென்றே தெரியவில்லை.

உப்பளத்தில் வேலை செய்த மாசாணனுக்கு அந்தப் பாட்டின் மேல் உயிர். மடத்துக்கு உப்பு கொண்டுவருபவர் அவர். வரப்பில் வரும்போதே குரல் கேட்கும். ஒருநாள் தோளில் சிவப்புக் கரை போட்ட புதுத் துண்டோடு வந்தார்.

"உங்க பாட்டைக் கேட்டுத்தான் வாங்கினேன் சாமி. தொட்டுப் பாருங்க. கைத்தறி."

திருமேனி தொட்டுப் பார்த்துப் பூரித்துப்போனார்.

சில மாதங்களில் அடுத்த ஆணை வந்தது. பாட்டன்மார் துணியை உடுத்தினால் மட்டும் போதாது, அவர்கள் உடுத்திய விதமாகவே உடுத்த வேண்டும். இன்ன குடிக்குப் பட்டுக் கரை. இன்ன குடிக்கு முழங்கால் வரைதான். இன்ன குடிக்குத் தோளில் துணி கூடாது. தண்டோராக்காரன் இதைச் சொல்லி முடித்த கையோடு திருமேனியின் பாட்டைப் பாடினான்.

அந்த ஆணைக்கும் ஒரு பாட்டு வேண்டுமென்று அரண்மனை ஆள் மடத்து வாசலில் வந்து நின்றான். அவனுக்குத் திருமேனி பதில் சொல்வதற்குள் மாசாணன் கூடையோடு உள்ளே வந்தார். தோளில் துண்டு இல்லை. பிரம்படி தடித்துக் கிடந்தது.

"என்ன ஆயிற்று மாசாணன்?"

"சந்தையில உருவிட்டாங்க சாமி. உங்க தாத்தன் தோள்ல துண்டு போட்டானாடான்னு கேட்டாங்க."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"போடலைன்னுதான் சொன்னேன். போட விட்டாத்தானே போடுறதுக்கு."

கூடையை இறக்கி வைத்தார். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தவர் போல, "பாடிக்கிட்டே அடிச்சாங்க சாமி. நம்ம பாட்டுத்தான்," என்றார்.

திருமேனி சட்டென்று திரும்பினார். நேரே வாசலுக்குப் போனார்.

"பாட்டு கிடையாது. ராஜாவிடம் போய்ச் சொல். நாக்கை அறுத்தாலும் கிடையாது."

அரண்மனை ஆள் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "இப்படியே சொல்லவா?"

"இப்படியே சொல்."

அவன் போய்விட்டான். அடுத்து வருபவர்கள் பாட்டுக் கேட்டு வர மாட்டார்கள் என்பது திருமேனிக்குத் தெரிந்தே இருந்தது.

திரும்பி வந்தபோது அம்மை, மாசாணனை உட்காரவைத்துத் தோளில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"அனுப்பிவிட்டேன் அம்மா."

"கேட்டது. பயமாக இருக்கிறதா?"

"இருக்கிறது. ஆனால் கோபம்தான் அதிகம். நான் துணியைப் பாடினேன். அவர்கள் அதைப் பிரம்பாக்கிவிட்டார்கள். என் பாட்டைக் கெடுத்துவிட்டார்கள்."

"எந்த வரியையாவது மாற்றினார்களா?"

"இல்லை."

"புதிதாக ஏதாவது சேர்த்தார்களா?"

"அதுவும் இல்லை. அப்படியே எடுத்துக்கொண்டார்கள்."

அம்மை மறுபடி எண்ணெயைத் தொட்டுத் தடவினார். தடிப்பின் மேல் விரல் பட்டபோது மாசாணன் பல்லைக் கடித்துக்கொண்டார்.

திருமேனியால் பொறுக்க முடியவில்லை. "நீங்களே சொல்லுங்கள் அம்மா. என் பாட்டில் எங்கேயாவது ஒரு பொய் உண்டா?"

"பொய் இல்லை," என்றார் செண்பகத்தம்மை. "இவருடைய தாத்தாவும் இல்லை."