மடித்த பட்டியல்

சொல்லவே கூசுகிறது. இருபது வருஷம் வெளிநாட்டில் செல்களை ஆராய்ந்துவிட்டு வந்த என்னைப் பாடநூல் கலைச்சொல் குழுவுக்குத் தலைவராக்கினார்கள். மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம் என்று செல்லுக்குள் இருக்கும் நாற்பது பாகங்களுக்கும் புதுத் தமிழ்ச் சொல் ஆக்கினேன்.

தட்டச்சு செய்யும் சகாயமேரி, “பிள்ளைங்களுக்கு இது வாயில நுழையுமா சார்?” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. “நாளைக்கு நாப்பதையும் பார்க்காம சொல்லு. முடியாதவங்க இங்க வேலைக்கு வர வேண்டாம்.”

மறுநாள் குழு கூடியது. அவள் பட்டியலை நீளவாக்கில் மடித்து, ஆங்கிலச் சொற்களை மறைத்து என் முன் வைத்தாள்.

“நான் சொல்றது சரியான்னு நீங்கதானே சார் பாக்கணும்? இந்த ‘நுண்குமிழகம்’ எது?”

“ரைபோசோம்.”

“‘உள்ளுறைமணியம்’?”

“அதுவும்... ரைபோசோம்தான்.”

பக்கத்திலிருந்தவர் மடிப்பைப் பிரித்துப் பார்த்தார். இரண்டுமே ரைபோசோம் இல்லை. அறையே சிரித்தது.

சகாயமேரி சிரிக்கவில்லை. குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, “நாளையிலேர்ந்து யார் சார் வேலைக்கு வர வேண்டாம்?” என்றாள்.

“நீங்க வாங்கம்மா” என்றேன், பட்டியலிலிருந்து கண்ணை எடுக்காமல்.