பலவேசம் ஆசான் அடித்த கோல்

ராஜா காலத்தில் ஏது கால்பந்து என்று யாரும் கேட்கக் கூடாது. செண்பகபுரியில் இருந்தது, அவ்வளவுதான். ஒரு வேளை சோறு இல்லாவிட்டால்கூட அந்த ஊர் பொறுத்துக்கொள்ளும், பந்தாட்டம் இல்லாவிட்டால் பொறுக்காது. ராஜா சிங்கமுத்து வர்மருக்கோ அந்தப் பைத்தியம் ஊரைவிட ஒருபடி கூட.

அந்த வருஷம் பக்கத்து மலையூரிடம் செண்பகபுரி அணி தோற்றுப்போனது. சும்மா தோல்வி இல்லை, வெளியே தலைகாட்ட முடியாத தோல்வி. தொண்டையில் சோறு இறங்காமல் ராஜா சபைக்கு வந்து உட்கார்ந்தார். அணிக்குப் பயிற்சி கொடுக்கிற பலவேசம் ஆசானைக் கூப்பிட்டார்.

“என்ன ஓய் இது? மானமே போச்சே!”

ஆசான் மீசையைத் தடவிக்கொண்டார். பழி தன் தலையில் விழாமல் தப்பிக்க அந்த மனுஷருக்கு ஒரே வழிதான் தெரியும்.

“நான் என்ன செய்வேன் மகாராஜா? பயல்கள் சரியில்லை. நான் ஆடின காலத்தில் இதே மலையூருக்கு ஒரு கோல் போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? முப்பது வருஷம் ஆச்சு. இன்னும் அந்த ஊரில் பிள்ளைகள் அழுதால் என் பேரைச் சொல்லித்தான் அடக்குகிறார்களாம்.”

“மறக்க முடியுமா அதை! சரி, இப்போது ஆடுகிறவர்களில் அந்தக் காலத்துப் பலவேசத்துக்குச் சமமானவன் யார்?”

“சமமா? தலைவன் அழகுமுத்து வேண்டுமானால் என் இடது காலுக்குச் சமம். மிச்சப் பேரையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் ஒரு சுண்டுவிரல் தேறும்.”

ராஜாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

“அப்படியா சேதி! நாளைக் காலையில் அந்தக் கோலை அதே இடத்திலிருந்து அழகுமுத்து அடித்துக் காட்டட்டும். முடியாவிட்டால் அணி மொத்தத்தையும் கலைத்துவிடுவேன். ஒரு பயல் இந்த ஊரில் இனிப் பந்தைத் தொடக் கூடாது!”

சேதி அழகுமுத்துவின் காதுக்கு வந்தது. நேரே சாத்தப்பர் வீட்டுக்கு ஓடினான். சாத்தப்பர் யார் என்றால், சபையில் ராஜா முதற்கொண்டு எல்லோரையும் கிண்டல் செய்யவே சம்பளம் வாங்குகிறவர்.

“அண்ணாச்சி, பந்தை விட்டா எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. பதினோரு பேரும் நடுத்தெருவுல நிக்கணும். எப்படியாவது காப்பாத்துங்க!” அழாத குறையாகச் சொன்னான்.

“அந்தக் கோலை நீ பார்த்திருக்கியாடா?”

“நான் அப்போ பொறக்கவே இல்லையே!”

“அதனாலதான் பயப்படுறே. பார்த்தவங்க இருக்காங்க. அவங்களே உன்னைக் காப்பாத்துவாங்க, போ.”

மறுநாள் காலையில் மைதானத்தில் எள் போட்டால் எள் விழாது, அத்தனை கூட்டம். சாத்தப்பர் கையில் ஒரு கழியோடு வந்து நின்றார்.

“மகாராஜா, ‘அதே இடம்’ என்பது உத்தரவு. இடம் பிசகினால் உத்தரவும் பிசகிவிடும். ஆசானே, எங்கிருந்து அடித்தீர்கள்?”

ஆசான் நடுக்கோட்டைக் காட்டினார். சாத்தப்பர் கழியை அங்கே ஊன்றினார்.

“என்ன ஆசானே, இவ்வளவு தன்னடக்கமா?” என்று குறுக்கே வந்தார் மந்திரி. இவர் ஆசானுக்குச் சம்பந்தி வேறு. “நான்தான் பார்த்தேனே! நம்ம கோல் கம்பத்தின் காலடியிலிருந்து அல்லவா அடித்தீர்?”

“சம்பந்தி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்” என்றார் ஆசான், வெட்கத்தோடு.

கழி கோல் கம்பத்துக்குப் போனது.

“மகாராஜாவும் அன்றைக்கு இளவரசராக வந்திருந்தீர்களே?” என்றார் சாத்தப்பர் மெதுவாக.

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். “மந்திரிக்குக் கண் மங்கிவிட்டது ஓய்! மைதானத்துக்கு உள்ளேயே இல்லை. அதோ, அந்தப் பக்கம் நின்று சுழற்றி ஒரு அடி அடித்தான் பாரும்! பந்து பனைமர உயரம் போய் இறங்கியது.”

ராஜா கைகாட்டிய பக்கம் தாமரைக் குளம் இருந்தது. சாத்தப்பர் கரை வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தார்.

“இங்கேயா மகாராஜா?”

“இன்னும் தள்ளி.”

“இதற்கு மேல் தண்ணீர் மகாராஜா.”

“தள்ளி என்றால் தள்ளித்தான்!”

சாத்தப்பர் கழியைக் குளத்துக்குள் வீசினார். “ஆசானே, மகாராஜா சொல்கிற இடம் சரிதானே?”

ஆசானின் கை மீசைக்குப் போனது. இல்லை என்றால் ராஜா பொய் சொன்னதாக ஆகிவிடும். தலை தப்பாது.

“சரிதான்... அன்றைக்குத் தண்ணீர் கொஞ்சம் கம்மி.”

கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டது. அழகுமுத்து பந்தோடு குளத்தில் இறங்கினான். கழுத்தளவுத் தண்ணீரில் நின்று காலை வீசிப் பார்த்தான். பந்து பாட்டுக்கு ஒரு தாமரை இலையோரம் ஒதுங்கிக்கொண்டது. பாவம், இரண்டு வாய்த் தண்ணீர் குடித்ததுதான் மிச்சம்.

“முடியவில்லை பார்த்தீரா?” என்று எழுந்தார் ராஜா. “உத்தரவு உத்தரவுதான். அணியைக் கலையுங்கள்!”

“தாராளமாகக் கலைக்கலாம்” என்றார் சாத்தப்பர். “ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே மகாராஜா. ஆசானுக்குக் கொடுத்ததை இவனுக்கும் கொடுத்துவிட்டுக் கலையுங்கள்.”

“அவனுக்கு என்ன கொடுத்தேன்?”

“முப்பது வருஷம்.”

“உளறாதீர்! முப்பது வருஷம் கழித்து, பல் போன வயதில், இவன் குளத்துக்குள்ளிருந்து கோல் அடிப்பானா?”

“அப்போது எதற்கு மகாராஜா அடிக்க வேண்டும்? இன்றைக்கே அடித்துவிட்டான், என் கண்ணாலேயே பார்த்தேன் என்று நீங்களே சொல்லிக்கொண்டிருப்பீர்கள்!”

ராஜா குளத்தைப் பார்த்தார். அதில் மிதந்த கழியைப் பார்த்தார். முதலில் தொந்திதான் குலுங்கியது, பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். கூட்டமும் சேர்ந்துகொண்டது.

“ஏறி வாடா மேலே! அணி அப்படியே இருக்கட்டும்” என்றவர், தன் பட்டுச் சால்வையை எடுத்துச் சாத்தப்பருக்குப் போர்த்தினார். அவர் அதை உருவி, நடுங்கிக்கொண்டு வந்த அழகுமுத்துவின் தலையைத் துவட்டிவிட்டார்.

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆசான் பக்கம் குனிந்தார்.

“பலவேசம், நெஞ்சைத் தொட்டுச் சொல்லும். நிஜமாக எங்கிருந்துதான் அடித்தீர்?”

ஆசான் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“நான் எங்கே மகாராஜா அடித்தேன்? சும்மா மலையூர்க்காரர்கள் கம்பத்துப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். எவனோ உதைத்தது என் முழங்காலில் பட்டு உள்ளே போய்விட்டது.”