கூப்பிட்டால் வரும் மிதுன்

அந்தக் காலத்தில் மிருகங்கள் பேசின. சியாங் ஆறு பனிமலையிலிருந்து இறங்கிவரும் மலைநாட்டில் அவை மனிதர்களைவிட நன்றாகவே பேசின. மனிதருக்குத் தாம் குடியிருந்த சரிவின் மொழி ஒன்றுதான் தெரியும். அடுத்த சரிவில் வேறு மொழி, வேறு உடை, வேறு தெய்வம். மிருகங்கள் எல்லாச் சரிவிலும் மேய்ந்ததால் அவற்றுக்கு எல்லா மொழியும் வந்தது.

மிதுன் என்ற பெரிய மலைமாடும் அப்படித்தான். பருத்த கொம்பும் கரிய உடலுமாக அடர்காட்டில் திரியும். மனித வாடை பட்டாலே விலகிப் போய்விடும். கண்ணில் பட்டால் ஈட்டி வரும் என்பது அதற்குத் தெரியும்.

ஆற்றின் கிழக்குக் கரையார் நெல் விளைத்தார்கள். மேற்குக் கரையாரிடம் உப்புப் பாறை இருந்தது. நடுவே ஒரு பிரம்புப் பாலம். நெல் ஒரு பக்கம் போகும், உப்பு மறுபக்கம் வரும். கைச்சாடையிலேயே வியாபாரம் நடந்தது. இரண்டு மொழியும் தெரிந்தவள் ஒருத்திதான். யாமாங் என்று பெயர். மேற்கே பிறந்து, கிழக்கே தாமத் என்பவனுக்கு வாழ்க்கைப்பட்டவள்.

மழை ஓய்ந்திருந்த ஒரு நாள், உப்பு வெட்டப் போன தாமத் திரும்பி வரவில்லை. தேடிப் போனவர்கள் உப்புப் பாறையின் அடியில் அவனைப் பிணமாகக் கண்டார்கள். பாறை உச்சியில் யாமாங்கின் அண்ணன் தாலோம் உட்கார்ந்திருந்தான். கைகளை மடியில் மறைத்துக்கொண்டு, தன் மொழியில் என்னவோ சொல்லிச் சொல்லி அழுதான்.

"என்ன சொல்கிறான்?" என்று கூட வந்திருந்த யாமாங்கிடம் கேட்டார் தாமத்தின் தகப்பனார் காலிங்.

"கயிறு நழுவிவிட்டதாம், மாமா. அண்ணன் தள்ளவில்லை."

"உன் அண்ணனுக்காக நீ வேறு எப்படிச் சொல்வாய்?"

செத்தது அவள் புருஷன். அவனுக்காக அழவும் விடாமல் எல்லாரும் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். உப்பு முழுவதும் தங்களுக்கே வேண்டும் என்று மேற்குக் கரையார் அவனைக் கொன்றுவிட்டார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. மறுநாள் விடிந்ததும் பாலத்தைக் கடந்து போய்ப் பழி தீர்ப்பது என்று காலிங் முடிவு செய்தார். அன்று பகலெல்லாம் ஈட்டி தீட்டும் ஓசைதான் கேட்டது. எதிர்க்கரையில் அம்பு முனைகளுக்கு நஞ்சு பூசினார்கள்.

யாமாங் மட்டும் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். பிணம் கிடந்த ஈர மண்ணில் பெரிய குளம்புத் தடங்கள் இருந்தன. உப்பு நக்க வந்த மிதுன் ஒன்று அங்கே நின்றிருக்கிறது. மிருகத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதை இரு கரையாரும் நம்பினார்கள்.

அன்று மாலையே அவள் பாலத்தில் ஏறினாள். மேற்கு முனையில் காவல் நின்றவர்கள் வில்லை வளைத்தார்கள். "விடுங்கள், என் தங்கை!" என்று தாலோம் கத்தியதால் பிழைத்தாள். ஒரு பிடி உப்பை எடுத்துக்கொண்டு, இடையில் பெய்த மழையில் பாதி கரைந்திருந்த தடங்களைத் தேடித் தேடிக் காட்டுக்குள் போனாள். அட்டைகள் காலில் ஏறின. விடியும் முன் ஒரு மூங்கில் புதருக்குப் பின்னால் கனத்த மூச்சுச் சத்தம் கேட்டது.

"அருகில் வராதே" என்றது மிதுன்.

"நீ பார்த்ததைச் சொன்னால் போதும். வந்து சொல்."

"வந்தால் குத்துவார்கள். என் தாயை உன் ஊரார்தான் கொன்றார்கள். உன் புருஷன் ஊரார் என் கன்றை."

அது உண்மை. யாமாங் உப்பிருந்த உள்ளங்கையை நீட்டியபடி நின்றாள்.

"உன் கழுத்தில் கை வைத்துக்கொண்டே வருகிறேன். எறிகிறவன் என் மேல் எறியட்டும்."

மிதுன் அடிமேல் அடி வைத்து வந்து அவள் கையிலிருந்த உப்பை நக்கியது. மனிதக் கையிலிருந்து ஒரு மிதுன் தின்றது அதுதான் முதல் தடவை.

அவர்கள் ஆற்றங்கரைக்கு வந்தபோது மூடுபனி விலகிக்கொண்டிருந்தது. காலிங்கின் ஆட்கள் பாலத்தின் கிழக்கு முனையில் கால் வைத்துவிட்டார்கள். மேற்கு முனையில் வில்கள் வளைந்திருந்தன. பிரம்புப் பாலம் மிதுனைத் தாங்காது. அது நேராக வெள்ளத்தில் இறங்கியது. யாமாங் கொம்பைப் பற்றிக்கொண்டாள். ஆறு இருவரையும் இழுத்தது. ஒருமுறை அவள் தலை முழுவதும் மூழ்கிவிட்டது. இரு கரையிலும் நின்றவர்கள் கையிலிருந்ததை மறந்து பார்த்தார்கள்.

அவர்கள் கிழக்குக் கரையில் ஏறியதும் காலிங் ஈட்டியை ஓங்கினார். யாமாங் மிதுனின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"அது சொல்வதைக் கேளுங்கள், மாமா. பிறகு யாரை வேண்டுமானாலும் குத்துங்கள்."

மிதுன் காலிங்கின் மொழியிலேயே பேசியது. "உன் மகன் கயிற்றில் தொங்கி உப்பு வெட்டினான். மேலே இவள் அண்ணன் கயிற்றைப் பிடித்திருந்தான். ஈரமான பிரம்புக் கயிறு வழுக்கியது. அவன் விடவில்லை. தோல் கிழிந்து ரத்தம் கயிற்றில் வழிந்தது. கடைசி வரை உன் மகன் பெயரைச் சொல்லிக் கத்தினான். அவன் கையைப் பார்."

அதையே மறுபடி மேற்குக் கரை மொழியில் உரக்கச் சொன்னது.

தாலோம் வில் ஏந்தியவர்களை விலக்கிக்கொண்டு தனியாகப் பாலத்தில் நடந்து வந்தான். அவன் ஊரார் கூப்பிட்டும் நிற்கவில்லை. ஆடும் பாலத்தில் எதையும் பிடிக்க முடியாத கைகளோடு வந்து காலிங்கின் முன்னால் நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தான். தோல் இல்லை. சதை மட்டும் சிவந்து தெரிந்தது.

அவன் தன் மொழியில் சொன்னதை யாமாங் எடுத்துச் சொன்னாள். இந்த முறை யாரும் அவளைச் சந்தேகிக்கவில்லை. "'என்னால் பிடிக்க முடியவில்லை' என்கிறான், மாமா. அவ்வளவுதான் சொல்கிறான்."

காலிங்கின் கையிலிருந்த ஈட்டி தாழ்ந்தது. ஆனால் கோபம் போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அது அவருக்குத் தாங்கவில்லை.

"யாருமே கொல்லவில்லை என்றால் நான் யாரிடம் போய்க் கேட்பது?" என்றார். "அந்தி சாய்ந்தால் வாசலில் நின்று என் மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். காட்டிலிருந்து குரல் வரும். இனி நான் கூப்பிட்டால் யார் வருவார்கள்?"

மிதுன் திரும்பிக் காட்டைப் பார்த்தது. ஆற்றைக் கடந்தால் போதும், யாரும் தொடர மாட்டார்கள். ஆனால் அது போகவில்லை.

"கூப்பிடு. நான் வருகிறேன்" என்றது. "என்னைக் கட்டக் கூடாது. தொழுவத்தில் அடைக்கக் கூடாது. காட்டில்தான் இருப்பேன். நீ கூப்பிட்டுக் கையில் உப்பு வைத்துக்கொண்டு நின்றால், எந்த மலையில் இருந்தாலும் இறங்கி வருவேன்."

கிழவர் அதன் நெற்றியில் முகத்தை வைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதார்.

தாமத்தின் தாய் தன் வீட்டுக்குப் போய் அரிசிமாவைக் கரைத்து எடுத்து வந்தாள். தொலைவு போன பிள்ளை வீடு திரும்பினால் காலில் மாவு பூசி வரவேற்பது அவர்கள் வழக்கம். மகனுக்குப் பூச வேண்டியதை அவள் மிதுனின் நான்கு கால்களிலும் முழங்கால் வரை பூசினாள். அன்று மாலை பெய்த மழையில் அது கரையவில்லை. பிறகு பெய்த எந்த மழையிலும் கரையவில்லை. மிதுனும் அதன்பின் பேசவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டது போல.

மலைச்சரிவுகளில் இரண்டு கூட்டத்தார் பகையை முடித்துக்கொள்ளும்போது ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மிதுன் கொடுப்பதும், கரிய மிதுனுக்குக் கால்கள் மட்டும் வெள்ளையாக இருப்பதும், காவலும் கயிறும் இல்லாமல் காட்டில் திரியும் அது ஒரு மனிதக் குரலுக்கும் ஒரு பிடி உப்புக்கும் இறங்கி வருவதும் அன்று தொடங்கியவைதான்.