பத்தாவது வேலி

“மணலை நிறுத்த ஒரு வழி சொல்லுங்க, சாமி.”

சிவனணைந்தான் வந்ததும் வராததுமாக இதைத்தான் கேட்டார். தோளில் இருந்த தண்ணீர்க் குடத்தைக்கூட இறக்கவில்லை.

உலகம்மாள் முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எந்த மணல்?”

“தேரி மணல்தான். வேற எது?”

தேரி என்றால் காற்று குவித்த சிவப்பு மணல்காடு. ஆடி பிறந்தால் மேற்கிலிருந்து காற்று அடிக்கும். இந்த வருஷம் இருக்கும் மேடு அடுத்த வருஷம் அந்த இடத்தில் இருக்காது. கிணறு தூர்ந்துபோகும். பனை கழுத்துவரை புதையும். அந்தப் பக்கத்து ஆட்கள் இதற்கெல்லாம் அழுவதில்லை. நகர்ந்துகொள்வார்கள்.

சிவனணைந்தான் நகரவில்லை.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. உலகம்மாளுக்கு நாற்பது. ஓலைக்குடிசையில் தனியாக இருக்கிற சாமியாரம்மாள். மூன்று மாதமாக அவளுக்குத் தண்ணீர் சுமந்து, எதிரே உட்கார்ந்து, எழுந்து போகிறார். மகள் வயசில் குரு என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும்.

“மணல் உம்மை என்ன செஞ்சுது?”

“என் பிள்ளை மேல ஏற வருது.”

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“வாரும். பாப்போம்.”

*

வீட்டுக்குப் பின்னால், மேற்கே, ஒரு சின்னச் சமாதி. ஒரு சாண் உயரம். சுண்ணாம்பு பூசியது. எட்டு வயதுப் பெண். காய்ச்சல். பத்து வருஷம் ஆயிற்று.

சமாதிக்கு அந்தப் பக்கம், பத்தடி தள்ளி, ஒரு மலை நின்றது. வீட்டுக் கூரையைவிட உயரம். உச்சியில் உடைமுள் வேலி.

உலகம்மாள் அண்ணாந்து பார்த்தாள்.

“இதை யாரு கட்டினது?”

“காத்து.”

“காத்து எதையும் கட்டாது. அதுக்கு நிக்க நேரம் கிடையாது.”

அவர் தலையைச் சொறிந்தார்.

“முதல் வருசம் லேசாத்தான் வந்துது. சமாதி மேல நாலு விரக்கடை மணல். கூட்டித் தள்ளிட்டேன். ஆனா மனசு கேக்கல. மறு ஆடிக்கு முன்னால முள்ளு வெட்டி வேலி போட்டேன்.”

“நின்னுதா?”

“நின்னுது. வேலியில வந்து நின்னுது. நின்னு நின்னு வேலியே மூடிப்போச்சு.”

“அப்புறம்?”

“அதுக்கு மேல இன்னொரு வேலி.”

“அப்புறம்?”

“அதுக்கு மேல ஒண்ணு.”

“மொத்தம்?”

“இப்ப நிக்கது ஒம்பதாவது.”

அவள் பக்கத்துப் பனைவிளையைக் கைகாட்டினாள்.

“அங்க வேலி உண்டா?”

“இல்ல.”

“மேடு?”

அவர் திரும்பிப் பார்த்தார். சமதரை. நாலு பனை, முழங்கால் அளவு மணலில் நின்றன. பத்து வருஷமாக அன்றாடம் கண்ணில் படுகிற இடம்தான். இன்றுதான் பார்த்தார்.



பின்வாசலிலிருந்து அவர் மனைவி தங்கபுஷ்பம் பேசினாள்.

“ரெண்டாவது வேலியிலேயே சொன்னேன், யம்மா. மணலைப் பிடிச்சு வைக்காதீரும், போக விடும்னு. பொம்பளை பேச்சு எங்க ஏறும்? இப்ப பாருங்க. பிள்ளை தலைமாட்டுல ஒரு மலையைக் கட்டி நிறுத்தியிருக்காரு.”

“சும்மா கெட, புஷ்பம்.”

“பத்து வருசமா சும்மாத்தான் கெடக்கேன்.”

உலகம்மாள் சொன்னாள்: “வேலியை எடுத்திரும்.”

“எடுத்தா?”

“இந்த ஆடியில கொஞ்சம் மணல் போகும். அடுத்த ஆடியில கொஞ்சம்.”

“எந்த வழியா?”

“இந்த வழியாத்தான்.”

“பிள்ளை மேல ஏறில்லா போகும்?”

“ஆமா.”

“எடுக்காட்டி?”

“அப்பவும் ஏறும். ஒரேயடியா.”

சிவனணைந்தானுக்கு முகம் கறுத்துவிட்டது.

“மணலை நிறுத்த வழி கேட்டேன். நீங்க பிள்ளையை விடச் சொல்லுதீங்க.”

“நான் வேலியைத்தான் சொன்னேன்.”

“நாளையிலேருந்து தண்ணிக்கு வேற ஆள் பாத்துக்கிடுங்க.”

“சரி,” என்றாள். போய்விட்டாள்.

*

மறுநாளே முள் வெட்டப் போனார். பத்தாவது வேலிக்கு.

சாயங்காலம் தங்கபுஷ்பம் ஊக்கை வைத்து அவர் உள்ளங்கையில் முள் எடுத்தாள். பதினாலு முள்.

“இந்த வயசுல இது தேவையா?”

“இதுவும் இல்லாட்டி அவளுக்கு நான் என்னத்தச் செய்ய?”

அவள் அடுத்த முள்ளைத் தேடினாள். 

*

ஆனி முடியவில்லை. காற்று முந்திக்கொண்டது.

விடிந்தபோது மேட்டின் உச்சியில் மணல் புகைந்தது. வேலி பாதி மூடியிருந்தது. வெட்டிய முள் முற்றத்தில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஏறினார். மணல் காலை வாரிவிட்டது. இரண்டு தடவை உருண்டு கீழே வந்தார்.

மூன்றாவது தடவை ஏறவில்லை.

சமாதிக்கும் மேட்டுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தார். சமாதியைப் பார்த்தபடி. முதுகு மணலுக்கு. தலையில் ஒரு சாக்கு.

மணல் சரிந்து சரிந்து வந்தது. முதுகில் வந்து நின்றது.

தங்கபுஷ்பம் கூப்பிட்டாள். வரவில்லை. சோறு கொண்டுவந்தாள். தொடவில்லை. மத்தியானம் மணல் தோளுக்கு வந்துவிட்டது. அவள் ஓடிப்போய் உலகம்மாளை அழைத்து வந்தாள்.

உலகம்மாள் சமாதியின் மறுபக்கம் உட்கார்ந்தாள். அவருக்கு நேர் எதிரே.

“எந்திரியும்.”

“எந்திரிச்சா சரிஞ்சிரும்.”

“ஆமா.”

“அவ மேல.”

“ஆமா.”

“பொறவு எப்படி எந்திரிக்க?”

உலகம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரும் உட்கார்ந்திருந்தார். காற்று இரைந்தது.

பிறகு கேட்டாள்.

“பிள்ளை பேரு என்ன?”

அவர் விழித்தார். பத்து வருஷமாக யாரும் கேட்டதில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதனாலேயே ஒருவரும் அந்தப் பேரை எடுப்பதில்லை. அவரும்தான்.

“சந்தனமாரி.”

“எப்படி இருப்பா?”

“கறுப்பு. என்னை மாதிரி. வாய் மட்டும் அவ அம்மைக்கு.”

“வாயைப் பத்தி நீரு பேசாதீரும்,” என்றாள் தங்கபுஷ்பம், பின்வாசலில் நின்று.

“பாத்தீங்களா? இதே வாய்தான். என்னையப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவா. ‘ஏ சிவனணைஞ்சான், கிழங்கு அவிஞ்சிட்டு, வந்து தின்னு’ம்பா. பெத்த தகப்பனை.”

சிரித்தார். வாயில் மணல் புகுந்தது. துப்பினார்.

“வீட்டுல தங்க மாட்டா, சாமி. பனைமட்டையில உக்காந்து தேரி மேட்டுலேருந்து சறுக்குவா. பொழுதன்னைக்கும் அதான். தலை பூரா மணல். பொழுது சாய இவ பிடிச்சு வச்சுச் சீப்புப் போடுவா. மணலாக் கொட்டும். மறுநாளும் அங்கதான் கெடப்பா.”

“என்ன உசரம் இருப்பா?”

“உசரமா? எட்டு வயசுக்கு நல்ல உசரம். என் இடுப்பைத் தாண்டிட்டா.”

“இடுப்புக்குத்தான்,” என்றாள் தங்கபுஷ்பம். “கூட்டிச் சொல்லாதீரும்.”

“உனக்கு என்னட்டி தெரியும்? காய்ச்சலுக்கு முந்தின வாரம் எங்கிட்ட வந்து நின்னு அளந்து பாத்தா. இடுப்பாம்ல. இந்தா, இங்க வரைக்கும்...”

காட்டுவதற்காக எழுந்து நின்றார்.

உள்ளங்கையைக் கவிழ்த்து, கடைசி விலா எலும்புக்கு நேராகப் பிடித்தார்.

முதுகுக்குப் பின்னால் இருந்த மணல் இறங்கியது. சத்தமே இல்லை. அவர் காலைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனது. சுண்ணாம்பு வெள்ளை பாதி தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை.

அவர் குனிந்து பார்த்தார்.

கையை இறக்கவில்லை.

தங்கபுஷ்பம் படி இறங்கி வந்தாள். மணலைப் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பார்த்தாள். அதன் கீழே இருந்த இடத்தைப் பார்த்தாள்.

“ஆமா,” என்றாள். “அவ்வளவு இருப்பா.”